முதலில் கதவு ரப்பர், பிறகுதான் கேஸ்

கோடை தொடங்கியதும் வரும் கடிதங்களில் பாதி, கவுன்ட்டருக்கு அடியில் வைக்கும் ஃப்ரிட்ஜைப் பற்றியவை. இம்முறை எல்லாமே கதவு ரப்பரில் வந்து நிற்கின்றன.

ஐயா, ரப்பர் தேய்ந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? (செவ்வாய்ப்பேட்டை டீக்கடை)

பத்து ரூபாய் நோட்டை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். பிடிமானமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடம் போய்விட்டது. கீல் பக்கத்தையும் கீழ் மூலைகளையும் விட்டுவிடாதீர்கள். முதலில் கெடுவது அங்கேதான்.

ரப்பர் என்ன விலை? (ஐந்து ரோடு)

எந்த ஃப்ரிட்ஜ்? என்ன மாடல்? கதவு எத்தனை? ஒன்றும் எழுதாமல் விலை கேட்டால் நான் எதைச் சொல்வது? உட்சுவரிலோ பின்புறத்திலோ உள்ள பெயர்ப்பலகையைப் படம் எடுங்கள். பழைய ரப்பரில் ஒரு விரல் நீளம் வெட்டி, அதன் குறுக்குவெட்டையும் படம் எடுங்கள். காடியில் (கதவு ஓரத்துப் பள்ளத்தில்) அழுத்தி மாட்டும் வகையும் திருகு போடும் வகையும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. அளவைக் கதவின் காடியில் எடுங்கள். பழைய ரப்பரை அளக்காதீர்கள், அது சுருங்கியிருக்கும்.

மூன்று முறை கேஸ் ஏற்றியாகிவிட்டது. இரண்டு வாரம் நன்றாக ஓடுகிறது, பிறகு சட்னி மாலைக்குள் புளித்துவிடுகிறது. இப்போது கம்ப்ரசரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். (அம்மாபேட்டை தட்டுவடை செட் கடை)

மாற்றாதீர்கள். கேஸ் என்பது பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் மூன்று முறை ஏற்றியவரிடம் அதற்கான காரணத்தைக் கேளுங்கள்.

இரண்டு வாரம் நன்றாக ஓடியதற்குக் கேஸ் காரணமாக இருக்க வேண்டியதில்லை. தேய்ந்த ரப்பர் வழியாக வெளிக்காற்று நுழைகிறது. அதிலுள்ள ஈரம், உள்ளே குளிரூட்டும் குழாய்ச் சுருளில் (காயில்) பனியாகப் படிகிறது. பனி மூடியதும் விசிறிக் காற்று போக வழியில்லை, குளிர்ச்சி குறைகிறது, கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடுகிறது. மெக்கானிக் வேலைக்காக இயந்திரத்தை நிறுத்தும்போது பனி உருகிவிடுகிறது. பெயர் மட்டும் கேஸுக்குப் போகிறது! இப்படி ஏமாந்த சிறு கடைக்காரர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆறவேயில்லை. புதிய இயந்திரங்கள் பலவற்றில் இருக்கும் ஆர்290 என்ற கேஸ் எரியக்கூடியது. தராசில் கிராம் கணக்காக நிறுத்து ஏற்ற வேண்டியது. கைக்கணக்கில் ஏற்றுபவரை அருகிலேயே விடாதீர்கள்.

சரக்கை வேறு ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட்டு, ஓர் இரவு முழுவதும் இதை நிறுத்திவையுங்கள். பனி தானாக உருகட்டும், கத்தியால் குத்தாதீர்கள். ரப்பரை மாற்றி, வெப்பத்தை வெளியே விடும் கண்டன்சரின் தூசியைத் துடையுங்கள். மறுநாள் உள்ளே தெர்மாமீட்டர் 5 டிகிரிக்குக் கீழே காட்டினால் வேலை முடிந்தது. காட்டாவிட்டால் மட்டுமே கசிவு சோதனை.

கிழிந்த இடத்தில் பசை போட்டு ஒட்டலாமா? (ஆத்தூர்)

கூடாது. பசை இறுகிய இடத்தில் கதவு படியாது.

புது ரப்பர் மாட்டியும் மூலையில் இடைவெளி தெரிகிறது. (ஏற்காடு விடுதி)

மடித்துக் கட்டி அனுப்பியதால் வந்த வளைவு. ஏற்காட்டுக் குளிரில் அது தானாக நிமிர நாளாகும். கழற்றி, கை பொறுக்கும் வெந்நீரில் கால் மணி நேரம் போட்டு, ஈரம் துடைத்து, நான்கு மூலைகளையும் முதலில் அழுத்துங்கள், பிறகு நடுப்பகுதி. அதன்பின் கதவைத் திறக்காமல் இரவு முழுவதும் விடுங்கள். நெருப்பு காட்ட வேண்டாம்.

ரப்பர் மென்மையாக இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவுகிறோம், சரிதானே? (சேலம் ஜங்ஷன்)

இல்லை. ரப்பர் என்று சொன்னாலும் அது பிவிசி பிளாஸ்டிக். எண்ணெய் அதைக் கெடுக்கும், அழுக்கையும் சேர்க்கும். இரவு கடை மூடும்போது சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் மடிப்புக்குள் துடைத்தால் போதும். பிளீச்சிங் பவுடர் வேண்டாம்.

ரப்பர் புதிது, ஆனாலும் கதவு தானாக மூடவில்லை. (ஓமலூர்)

ரப்பர் வாங்கும் முன் கீலைப் பார்த்தீர்களா? தொங்கிய கதவில் எந்த ரப்பரும் படியாது. கீல் திருகுகளை இறுக்குங்கள். முன்கால்களைப் பின்கால்களைவிட மிகச் சிறிதளவு உயர்த்துங்கள். அப்போதும் மூடாவிட்டால் கீலை மாற்றுங்கள். யாராவது கேஸ் போடலாம் என்றால் அனுப்பிவிடுங்கள்.