எக்கவுண்ட் உங்கட பேரில, காசு யார்ட?

கேள்வி: வெள்ளவத்தையில சின்னதா ஒரு கொமியூனிகேஷன் கடை வச்சிருக்கிறன். ரொறொன்ரோவில இருக்கிற தெரிஞ்சவர் ஒருத்தர், என்ட எக்கவுண்டுக்கு ரூபாயில காசு வரும், வட்ஸ்அப்பில தான் அனுப்புற நம்பர்களுக்கு அதைப் பிரிச்சுப் போட்டுவிட்டா கொமிஷன் தாறன் எண்டு சொல்லுறார். ரெண்டு தரம் போட்டும் விட்டன். இது பிழையா? லைசென்ஸ் எடுக்கோணுமா?

பதில்: தம்பி, முதல்ல அதை நிப்பாட்டுங்கோ, மிச்சத்தைப் பிறகு கதைப்பம்.

அவர் கனடாவில ஒரு குடும்பத்திட்ட டொலர வாங்குறார், அந்த டொலர் அங்கேயே நிக்குது, இலங்கைக்கு ஒரு சதமும் வாறதில்ல. அப்ப உங்கட எக்கவுண்டுக்கு வாற ரூபா யார்ட? வெளியில டொலர் தேவைப்படுற வேற ஒருத்தர்ட. அவர் சாமான் இறக்குற வியாபாரியாவும் இருக்கலாம், போதைப்பொருள் வித்த காச வெளிய எடுக்கிறவராவும் இருக்கலாம், ஒன்லைன்ல யாரையோ ஏமாத்தினவராவும் இருக்கலாம், உங்களுக்கு அது தெரியவே வராது. ஏமாந்த ஆள் பொலிசுக்குப் போனா அவர்ட பேங்க் ஸ்டேட்மென்ட்ல நிக்கிறது உங்கட பேர், ரொறொன்ரோக்காரர்ட பேர் எங்கயும் இல்ல. பேங்கில கம்ப்ளையன்ஸ் பக்கம், அதாவது கொடுக்கல் வாங்கல் சட்டப்படி நடக்குதா எண்டு பார்க்கிற பக்கம், கனகாலம் இருந்தனான், எக்கவுண்ட் முடங்கி வந்து நிண்ட ஆக்கள் உங்களப்போல கடை வச்சுப் பிழைக்கிற ஆக்கள்தான், பிள்ளைன்ட ஸ்கூல் ஃபீஸ் கட்டக்கூட காசெடுக்க ஏலாம நிண்டவை.

இனி சட்டம். உண்டியல் எண்டு நாங்க சாதாரணமாச் சொல்லுற இந்த வேலைய, அடுத்தவர்ட காச ஒரு இடத்தில வாங்கி இன்னொரு இடத்தில குடுக்கிற தொழிலாத்தான் அரசாங்கம் பார்க்குது, அதுக்கு இலங்கை மத்திய வங்கியில பதிவு வேணும், 2024இல அதுக்கெண்டே விதிமுறைகள் வந்திருக்கு. வெளிநாட்டுக் காசுக் கொடுக்கல் வாங்கலுக்கு 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். பெரிய அடி 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தில, அதாவது குற்றத்தில வந்த காச நல்ல காசு மாதிரி ஆக்குறதத் தடுக்கிற சட்டத்தில இருக்கு: குற்றம் நிரூபணமானா 5 வருஷத்தில இருந்து 20 வருஷம் வரைக்கும் சிறை, இல்லாட்டி அந்தக் காசின்ட பெறுமதியில இருந்து அதின்ட மூண்டு மடங்கு வரைக்கும் தண்டம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். பேங்குக்கு சந்தேகம் வந்தா ரெண்டு வேலை நாளுக்குள்ள மத்திய வங்கியின்ட நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கோணும், உங்களிட்டச் சொல்லிப்போட்டு அறிவிக்க அவைக்கு அனுமதி இல்ல. பத்து லட்சத்துக்குக் கீழ பிரிச்சுப் போட்டாத் தெரியாது எண்டு யாரும் சொன்னா நம்பாதேங்கோ. பத்து லட்சம் எண்டது தானா ரிப்போர்ட் போற அளவு மட்டும்தான், சந்தேகத்துக்கு அளவு கிடையாது, பிரிச்சுப் போடுறதே முதல் சந்தேகம்.

இவ்வளவு இறுக்கத்துக்குக் காரணம் இருக்கு. 2020இல வெளிநாட்டில உழைக்கிற எங்கட சனம் அனுப்பினது கிட்டத்தட்ட 710 கோடி டொலர், 2022இல அது 380 கோடி டொலராப் போயிட்டுது. பேங்க் றேட்டுக்கும் வெளி றேட்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததால சனம் உண்டியலுக்குப் போச்சு, நான் அவையக் குறை சொல்லேல்ல, ஆனா நாட்டில டொலர் இல்லாம அந்த வருஷம் சமையல் காஸுக்கும் பெற்றோலுக்கும் லைன்ல நிண்டதும் நாங்கதான்.

காலி வீதியில காசு மாத்துற கடைக்காரர் செய்யுறார்தானே எண்டு கேப்பீங்க. அவர்ட பெர்மிட் நாணயம் மாத்துறதுக்கு, ஊருக்கு ஊர் காசு அனுப்ப அது காணாது. நீங்க உங்கட கடையில ஃபோனால காசு அனுப்புற ஈஸி கேஷ் போடுறீங்க எண்டா அது வேற கதை, அங்க லைசென்ஸ் கம்பனியிட்ட இருக்கு, நீங்க அவையின்ட ஏஜென்ட். உங்களுக்கு நான் சொல்லுற வழியும் அதுதான், தனியா லைசென்ஸுக்கு அலையாம பதிவு செய்த ஒரு நிறுவனத்துக்கோ பேங்குக்கோ எழுத்தில ஒப்பந்தம் போட்டு ஏஜென்டாகுங்கோ. கொமிஷன் குறைவுதான். ஆனா ஐடென்டிட்டி கார்ட் கொப்பி, ரிசீட், கணக்கு எல்லாம் அவையின்ட சிஸ்டத்தில நிக்கும். ஒப்பந்தம் போட முதல் மத்திய வங்கி வெப்சைட்ல அந்த நிறுவனத்தின்ட பேரைப் பாருங்கோ.

செய்த அந்த ரெண்டையும் மறைக்கப் பார்க்காதேங்கோ. வட்ஸ்அப் மெசேஜ் ஒண்டையும் அழிக்காம, ஸ்லிப்பையும் ஸ்டேட்மென்டையும் எடுத்துக்கொண்டு இந்தக் கிழமைக்குள்ள ஒரு லோயரைப் பாருங்கோ, பேங்கோட கதைக்கிறதெண்டா அவரோட கதைச்ச பிறகு. கைக்கு வந்த கொமிஷனையும் தொடாம அப்பிடியே வையுங்கோ, ரொறொன்ரோக்காரர் கடைசியா ஒருக்காச் செய்து தாங்கோ எண்டு கெஞ்சினாலும் ஏலாது எண்டு சொல்லுங்கோ.