பக்கத்து மனையில் கட்டடம் எழும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீட்டை ஒட்டிய மனையில் ஐந்து மாடி அடுக்ககம் கட்டுகிறார்கள். பகல் ஓசையைப் பொறுத்துக்கொள்கிறோம். ஆனால், கான்கிரீட் போடும் நாட்களில் நள்ளிரவு ஒரு மணி வரை வேலை நடக்கிறது. எண்பது வயதைக் கடந்த என் மாமியார் உறக்கமின்றித் தவிக்கிறார். கேட்டால், "அனுமதி வாங்கித்தானே கட்டுகிறோம்" என்கிறார் மேஸ்திரி. நாங்கள் என்ன செய்யலாம்? - ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: மேஸ்திரி சொல்லும் அனுமதி, அந்த மனையில் எவ்வளவு உயரம், எவ்வளவு பரப்பு கட்டலாம் என்பதைத்தான் சொல்கிறது, இரவில் இயந்திரம் ஓட்டும் உரிமையை அது யாருக்கும் தருவதில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையிலான நேரத்தை இரவு என்று வரையறுக்கின்றன. 2010-இல் அவற்றில் சேர்க்கப்பட்ட திருத்தம், குடியிருப்புப் பகுதிகளிலும், மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் போன்றவற்றைச் சுற்றிய அமைதி மண்டலங்களிலும் அந்த நேரத்தில் ஒலி எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இயக்கக் கூடாது என்று நேரடியாகத் தடுக்கிறது.

பலர் இந்த இடத்தில் தயங்கிப் பின்வாங்கிவிடுகிறார்கள். ஒலியை அளந்து காட்டினால்தான் புகார் எடுபடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதும், அந்த வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ மீறினால் புகார் செய்யலாம் என்பதும் உண்மைதான். ஆனால், இரவு நேரத் தடையை மீறுவதே தனியொரு புகாருக்குப் போதுமான காரணம் என்று அதே விதி சொல்வதால், பகல் ஓசைக்குத் தேவைப்படும் அளவுக் கணக்கு உங்கள் இரவுப் புகாருக்குத் தேவையில்லை. கலவை லாரியும் பம்பும் ஓடுவதை, தேதியும் நேரமும் பதிவாகும்படி கைபேசியில் படம் பிடித்து வைத்தால் போதும். மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், துணைக் காவல் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாமல் இதற்கென நியமிக்கப்பட்ட அலுவலர் ஆகியோர் இந்த விதிகளின்படி நடவடிக்கை எடுக்கக் கூடியவர்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே காவல் கட்டுப்பாட்டு அறைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, மறுநாள் எழுத்துப் புகாரும் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். தொலைபேசி அழைப்பு அந்த இரவுக்கு மட்டுமே உதவும்; அடுத்த தளம் போடும்போது உங்களுக்குத் துணை நிற்பது அந்த ஒப்புகைதான்.

எதிர்த்தரப்பின் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது பேச்சுவார்த்தைக்கு உதவும். ஒரு தளத்தின் கான்கிரீட்டை நடுவில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால், பழைய கலவையும் புதிய கலவையும் சேரும் இடம் பலவீனமாகும். ஆகவே தொடங்கிய தளத்தை ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பார்கள். சென்னையின் பல சாலைகளில் பகலில் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் லாரிகளும் தாமதமாகவே வந்து சேர்கின்றன. இவையெல்லாம் காலையில் முன்கூட்டியே தொடங்குவதற்கும், தளத்தைச் சிறு பகுதிகளாகத் திட்டமிட்டுப் பிரிப்பதற்கும் காரணங்களாகலாமே ஒழிய, விதியை மீறுவதற்குக் காரணமாகா. மேஸ்திரியிடம் வாதிடுவதை விட்டுவிட்டுத் தளப் பொறியாளரைச் சந்தித்து, இனி எத்தனை தளங்கள் பாக்கி, எந்தெந்தத் தேதிகளில் போடப்போகிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். தேதி தெரிந்தால் அன்று காலையிலேயே போய், பத்து மணிக்குள் முடியுமா என்று கேட்கலாம்.

கேள்வி: எங்கள் வீடு 1986-இல் கட்டியது. ஐந்தடி தள்ளிப் பக்கத்து மனையில் அடித்தள வாகன நிறுத்தத்துக்காகப் பன்னிரண்டு அடி ஆழம் தோண்டி, இரவு பகலாக மோட்டார் வைத்து நீர் இறைக்கிறார்கள். இரண்டு வாரங்களாகக் கூடத்துச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது. பின்வாசல் கதவும் மூட மறுக்கிறது. கட்டுநர், "பழைய வீடு, விரிசல் ஏற்கெனவே இருந்திருக்கும்" என்கிறார். - ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: தங்கள் கடிதம்தான் இந்த மாதம் எனக்குக் கவலை தந்த கடிதம். பூச்சில் மட்டும் தோன்றும் மயிரிழை விரிசலைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை. ஆனால், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகச் செல்லும் விரிசலும், அதே நாட்களில் கதவு இறுகிக்கொள்வதும் ஒன்றாகச் சேர்ந்தால், அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் இறங்குகிறது என்று ஐயுற வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றிய பகுதிகளில் களிமண் மிகுதி, நிலத்தடி நீரும் மேலாகவே கிடைக்கும். பக்கத்தில் தொடர்ந்து நீர் இறைக்கும்போது உங்கள் வீட்டின் கீழுள்ள களிமண்ணிலிருந்தும் நீர் வெளியேறி மண் சுருங்குகிறது; தோண்டிய குழியின் ஓரத்துக்கு முறையான தாங்கு சுவர் இல்லையென்றால் மண் பக்கவாட்டிலும் நகரும். அந்தக் காலத்து வீடுகளின் அஸ்திவாரம் பெரும்பாலும் நான்கைந்து அடிக்குள் நின்றுவிடும் என்பதால், பன்னிரண்டு அடிக் குழி அதற்கு மிகவும் கீழே இருக்கிறது.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் பற்றும்படி சிமென்ட் வைத்து ஒட்டுங்கள். சுவர் இன்னும் அசைகிறது என்றால் கண்ணாடி உடைந்துவிடும். பழைய கொத்தனார்கள் செய்துவந்த இந்த முறை, "ஏற்கெனவே இருந்தது" என்ற வாதத்துக்குச் சரியான பதில். அளவுகோல் வைத்துப் படமும் எடுங்கள், 1 மி.மீ.க்குக் குறைவான விரிசலை மெல்லியது என்றும், 2 மி.மீ.க்கு மேற்பட்டதை அகலமானது என்றும் பொறியாளர்கள் வகைப்படுத்துவார்கள். ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து, கையொப்பமிட்ட அறிக்கை பெறுவது செலவுதான், ஆனாலும் தவிர்க்க வேண்டாம். கண்ணாடி உடைந்தாலோ, விரிசல் நாள்தோறும் நீண்டாலோ, அந்தப் பக்க அறைகளில் யாரும் படுக்க வேண்டாம்.

சட்டத்தில் உங்கள் நிலை வலுவானது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், ஒவ்வொரு நில உரிமையாளருக்கும் தன் நிலம் இயற்கை நிலையில் பக்கத்து மண்ணின் தாங்குதலைப் பெறும் உரிமை உண்டு என்கிறது. கட்டடம் ஏற்றப்பட்ட நிலத்துக்கு அந்த உரிமை தானாக வந்துவிடாது; ஆனால், அந்தத் தாங்குதலை இருபது ஆண்டுகள் தடையின்றி அனுபவித்திருந்தால் கட்டடத்துக்கும் அது உறுதிப்படும் என்று அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் வீட்டின் வயதை வைத்துக் கட்டுநர் உங்களை மட்டம் தட்டுகிறார். அந்த வயதுதான் உங்களுக்கு ஆதாரம். இருபது ஆண்டு நிறையாத வீட்டுக்காரரும் மனம் தளர வேண்டியதில்லை, கவனக்குறைவாகத் தோண்டிச் சேதம் விளைவித்தவர் இழப்பீடு தரக் கடமைப்பட்டவரே.

மாநகராட்சி மண்டல அலுவலகத்தின் செயற்பொறியாளருக்கும், திட்ட அனுமதியைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் வழங்கியிருந்தால் அங்கும், படங்களுடன் விரைவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். அடித்தளத்துக்கே அனுமதி இருக்கிறதா என்பதை அனுமதி வரைபடத்தில் சரிபாருங்கள். வரைபடம் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அனுமதிக்கு மாறாக நடக்கும் வேலையை நிறுத்த 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் அதிகாரம் தருகிறது. அதற்குள் நிலைமை மோசமானால் உரிமையியல் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேட்டு, வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமித்து வீட்டைப் பார்வையிடச் செய்யும்படி மனு கொடுங்கள். அவருடைய அறிக்கை நாளைக்கு இழப்பீடு கேட்கும்போதும் பயன்படும். ஒன்று மட்டும் எச்சரிக்கை: "பூசிக் கொடுத்துவிடுகிறோம்" என்று கொத்தனாரை அனுப்பினால், தோண்டும் வேலை முடிந்து அடித்தளச் சுவர் எழும்பும்வரை விரிசலைத் தொட விடாதீர்கள்.

கேள்வி: எதிர்மனையில் டைல்ஸ், கிரானைட் அறுக்கிறார்கள். வீடு முழுக்கத் தூசி. என் மகளுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. தெருவில் எம்-சாண்டையும் கொட்டி வைத்திருக்கிறார்கள். - ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்: மகளை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், வேலை நடக்கும் நேரத்தில் அந்தப் பக்கத்து ஜன்னல்களை மூடி, துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கல் அறுக்கும் தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா என்ற கனிமத் துகள் இருக்கும். அறுப்பவருக்கு அது உங்களைவிட அதிகக் கேடு. காற்றில் நுண்துகள் வரம்பை மீறும் நகரங்களுக்காக மத்திய அரசு 2018 ஜனவரியில் சுற்றுச்சூழல் விதிகளில் கொண்டுவந்த திருத்தம், திறந்த வெளியில் கட்டுமானப் பொருட்களை அறுப்பதையும் அரைப்பதையும் தடை செய்கிறது. மணலை மூடாமல் வைக்கக் கூடாது, நீர் தெளிக்க வேண்டும், கட்டடத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை, அதிகபட்சம் 10 மீட்டர், காற்றுத் தடுப்பு கட்ட வேண்டும் என்பவையும் அதில் உண்டு. பொறியாளரிடம் நான்கு சுவருக்குள், தண்ணீர் விட்டு அறுக்கும்படி கேளுங்கள்; பெரும்பாலும் இவ்வளவிலேயே பாதித் தூசி அடங்கிவிடும். தெருவில் கிடக்கும் மணலுக்கு 1913 எண்ணில் மாநகராட்சிக்குச் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தளத்தில் பாத்தி கட்டி நிற்கும் நீரில் கொசு பெருகுகிறது. கேட்டால் கியூரிங் என்கிறார்கள். - ஒரு வாசகர், கீழ்க்கட்டளை

பதில்: கான்கிரீட் இறுகி வலுப்பெற இப்படி நீர் நிறுத்துவது (கியூரிங்) அவசியம்தான். ஆனால், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் போதும் என்பதால், வாரம் ஒருமுறை பாத்தியை முழுவதும் வற்றவிட்டு மறுபடி நிரப்பினாலே புழு மடிந்துவிடும். ஈரச் சாக்குப் போர்த்தியும் கியூரிங் செய்யலாம். இதைச் சொல்லியும் கேட்காவிட்டால் மாநகராட்சியின் சுகாதார ஆய்வாளருக்குத் தெரிவியுங்கள். கொசுப் புழு கண்டால் அபராதம் விதிப்பார்கள். மழைநீர் நிற்கும் லிஃப்ட் குழியையும் சேர்த்துக் காட்டுங்கள், அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: வடமாநிலத் தொழிலாளர்கள் எங்கள் காலி மனையைக் கழிப்பிடமாகப் பயன்படுத்துகிறார்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாமா? - ஒரு வாசகர், மேடவாக்கம்

பதில்: கொடுத்தால் அந்தத் தொழிலாளர்கள்தான் அடிவாங்குவார்கள், மறுவாரம் வேறு ஆட்கள் வருவார்கள், உங்கள் மனை அப்படியே இருக்கும். கழிப்பறையும் குடிநீரும் தங்குமிடமும் ஏற்படுத்தித் தருவது வேலை தருபவரின் பொறுப்பு என்று 1996-ஆம் ஆண்டிலேயே சட்டம் வகுத்துவிட்டது. எனவே கடிதத்தைக் கட்டுநருக்கு எழுதி, நகலைத் தொழிலாளர் துறைக்கும் உள்ளாட்சி அமைப்புக்கும் அனுப்புங்கள். எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், எத்தனை கழிப்பறைகள் இருக்கின்றன என்று அந்தக் கடிதத்தில் எண்ணிக்கையோடு கேளுங்கள்.