பானையைக் கழுவிவிட்டார்கள், இனி உண்மை தெரியுமா?

கேள்வி: ஐயா, என் மகன் படிக்கும் பள்ளியில் போன வாரம் விழா. புரட்டாசி விரதம் இருக்கும் பிள்ளைகளும் உண்டு என்பதால் கோழி பிரியாணி ஒரு பானை, காய்கறி பிரியாணி ஒரு பானை. இரண்டுக்கும் ஒரே பருப்பு. 11 மணிக்குச் சாப்பிட்டார்கள். 2 மணிக்குள் பிள்ளைகள் வரிசையாக வாந்தி எடுத்தார்கள். காய்ச்சல் இல்லை, மறுநாள் தெளிந்துவிட்டார்கள். சமைத்த அம்மாக்களின் கை சுத்தமில்லை என்கிறது பள்ளி. வாசல் கடை சிப்ஸ்தான் காரணம் என்கிறார்கள் சில பெற்றோர். பானைகளை அன்றே கழுவிவிட்டார்கள். இனி உண்மை தெரியுமா?
ஒரு தாய், சட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: பெரும்பகுதி தெரியும், அம்மா. நான் சுகாதார ஆய்வாளராக இருந்தபோது இப்படிப்பட்ட இடத்தில் முதலில் கேட்பது நேரத்தைத்தான். மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி, காய்ச்சல் இல்லை என்றால், கிருமி உணவிலேயே உண்டாக்கி வைத்த நச்சின் மேல்தான் சந்தேகம் விழும். ஸ்டஃபைலோகாக்கஸ், அல்லது சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ். இரண்டுமே 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தியைக் கொண்டுவரும். சால்மோனெல்லா என்ற கிருமிக்குப் பெரும்பாலும் அதைவிட அதிக நேரம் ஆகும். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கூடவே வரும்.

ஸ்டஃபைலோகாக்கஸ் கையிலிருந்து வரலாம், உண்மைதான். பேசில்லஸ் அரிசியோடு வருவது. அதன் வித்து கொதியிலும் சாகாது. விடியற்காலையில் வெந்த சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் நச்சு சேர்ந்துவிடும். பிறகு சூடாக்கினாலும் அழியாது. அத்தனை பெரிய பானையைச் சூடாக வைத்திருக்கப் பள்ளி என்ன வசதி கொடுத்தது? விசாரிக்கும் முன்பே அந்தப் பெண்கள் மேல் பழி போடுவது எனக்குச் சம்மதமில்லை.

அடுத்தது கணக்கு. வாந்தி எடுத்தவர்களை மட்டும் கேட்டால் எல்லோரும் பிரியாணி சாப்பிட்டதாகத்தான் சொல்வார்கள். அதிலிருந்து ஒன்றும் விளங்காது. நலமாக இருந்த பிள்ளைகளையும் வகுப்புப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். இங்கே புரட்டாசி உங்களுக்குப் பெரிய உதவி. விரதப் பிள்ளைகள் தப்பித்திருந்தால் கோழிப் பானையைப் பார்க்க வேண்டும். அவர்களும் அதே அளவு பாதிக்கப்பட்டிருந்தால் பருப்பையோ, இரண்டு பானைக்கும் பொதுவான சோற்றையோ சந்தேகிக்கலாம். சிப்ஸ் வாங்கி, பிரியாணி தொடாத பிள்ளை நலமாக இருந்தால் கடைக்காரர்மேல் உள்ள சந்தேகமும் பெரும்பாலும் நீங்கும்.

ஆனால் எந்தக் கிருமி என்று உறுதியாகச் சொல்ல மாதிரி வேண்டும். 2018 ஜனவரியில் சொவெட்டோவில் ஒரு மழலையர் பள்ளியிலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட ஒன்பது குழந்தைகள் கிறிஸ் ஹானி பரக்வனத் மருத்துவமனைக்கு வந்தார்கள். மருத்துவர்கள் உடனே தகவல் கொடுத்தார்கள். ஆய்வாளர்கள் அந்தப் பள்ளியின் குளிர்பெட்டியிலிருந்து போலனி என்ற பதப்படுத்திய இறைச்சியை எடுத்துச் சோதித்தார்கள். ஒரு குழந்தையின் மலத்திலும் போலனியிலும் லிஸ்டீரியா என்ற கிருமி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனபோது பொலக்வானேயில் ஒரு தொழிற்சாலை வரை தடம் போனது. மார்ச் 4 அன்று சுகாதார அமைச்சர் மொட்சோலெடி இதை அறிவித்தார். நாடு முழுவதும் 1,060 பேரைப் பிடித்து, 216 பேரைக் கொன்ற நோய் அது. அந்தப் பள்ளியில் மிச்சத்தை யாராவது குப்பையில் கொட்டியிருந்தால்?

இரண்டு பேரோ அதற்கு மேலோ ஒரே உணவால் நோய்ப்பட்டதாகச் சந்தேகம் வந்தாலே 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. பிள்ளைகளைப் பார்த்த கிளினிக் தெரிவித்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால் நகராட்சிச் சுகாதார அலுவலகத்துக்கு நீங்களே போங்கள். போகும் முன் சமைத்த அம்மாக்களைப் பார்த்து, சோறு எத்தனை மணிக்கு வெந்து இறங்கியது, எங்கே வைத்திருந்தார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.