திரையில் 4 டிகிரி, டியூபில் குளிரில்லை: கேஸ் அடிப்பதற்கு முன்

கேள்வி: காரைக்குடியில் ஒரு கல்லூரியின் உயிரித் தொழில்நுட்ப ஆய்வகம் எங்களுடையது. டியூபுகளை வேகமாகச் சுற்றி உள்ளே இருப்பதைப் பிரிக்கும் இயந்திரம், மேசைமேல் வைக்கும் குளிர் சென்ட்ரிஃபியூஜ் ஒன்று இருக்கிறது; 1.5, 2 மி.லி. டியூப் 24 பிடிக்கும் ரோட்டர், அதாவது டியூபைத் தாங்கிச் சுற்றும் தட்டு. 4 டிகிரி வைத்து ஓட்டினாலும் எடுக்கும்போது டியூபில் குளிர்ச்சியே தெரிவதில்லை. ரோட்டருக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது. ஆர்.என்.ஏ. தரமும் சரியில்லை. பார்க்க வந்தவர் கேஸ் அடிக்கவேண்டும் என்கிறார். அடிக்கலாமா, புதிதே வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற சரக்கு இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் அடித்த கேஸ் மறுபடியும் அதே வழியாகத்தான் போகும்.

காலையில் ரோட்டரைப் பொருத்தி, மூடியைச் சாத்தி, 4 டிகிரி வைத்து, சுற்றவிடாமல் அரை மணி நேரம் சும்மா விடுங்கள். திரை 4-க்கு இறங்கிவிட்டால் கேஸ் பேச்சை இப்போதைக்கு நிறுத்தலாம். இறங்கவில்லை என்றால் பின்பக்கக் காற்றுத்துளைக்கு நேரே கையைக் காட்டுங்கள். அனல் அடித்தால், உள்ளே இருந்து உறிஞ்சிய சூடு வெளியேற வழியில்லாமல் திணறுகிறது. சூட்டை வெளியே தள்ளும் கம்பிவலை போன்ற கண்டென்சரில் செம்மண் புழுதி அடைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெல்லிய பிரஷ்ஷாலும் வாக்குவம் கிளீனராலும் எடுத்துவிடலாம். கம்ப்ரஸர் ஓடுகிறது, ஆனால் வரும் காற்றில் சூடே இல்லை என்றால்தான் கேஸ் கசிவையோ கம்ப்ரஸரையோ சந்தேகப்பட வேண்டும். அப்போதும், கசிவை அடைத்தபின், இயந்திரத்தின் பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் கேஸ் வகையை, அதில் உள்ள கிராம் கணக்குப்படி எடைபோட்டு நிரப்பச் சொல்லுங்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை ‘டக்’ என்று சத்தம் கேட்டுக் கம்ப்ரஸர் நின்று நின்று போனால், அது ஓடத் தொடங்கும் நேரத்தில் சாக்கெட்டில் மல்டிமீட்டர் வையுங்கள். 230 வோல்ட்டுக்கு 10 சதவீதம் கீழே, அதாவது 207-க்குக் கீழே இறங்கினால் ஸ்டெபிலைசர்தான் மருந்து. மின்சாரம் போய்த் திரும்பினாலும் 5 நிமிடம் கழித்தே குளிரூட்டலைப் போடுங்கள். குழாயில் அழுத்தம் சமமாகாமல் கம்ப்ரஸர் கிளம்பாது.

நின்ற நிலையில் 4-க்கு வருகிறது, ஓடும்போது மட்டும் டியூப் குளிரவில்லை என்றால் கதை வேறு. திரையில் காண்பது பெரும்பாலான இயந்திரங்களில் அறைக்குள் இருக்கும் காற்றின் வெப்பம். டியூபுக்குள் இருப்பதன் வெப்பம் இல்லை. உச்ச வேகத்தில் ரோட்டர் காற்றோடு உரசித் தானே சூடாகும். கையால் தொட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டு, இரண்டு டியூபில் 1 மி.லி. தண்ணீர் ஊற்றி, ஐஸில் வைத்துக் குளிரவிட்டு, எதிரெதிரே வைத்து, நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்தில் 15 நிமிடம் ஓட்டுங்கள். ரோட்டர் நின்றதும் மெல்லிய கம்பி முனை கொண்ட டிஜிட்டல் தெர்மாமீட்டரை உள்ளே விடுங்கள். 8 டிகிரிக்குள் இருந்தால் இயந்திரம் நல்ல இயந்திரம். 12, 14 என்று வந்தால், 0 அல்லது 1 டிகிரி வைத்து மறுபடி பாருங்கள். வேகத்துக்கு வேகம் இந்த வித்தியாசம் மாறும். எந்த வேகத்துக்கு எதை வைத்தால் டியூபில் 4 வருகிறது என்று ஒரு சீட்டில் எழுதி மூடியில் ஒட்டிவிடுங்கள்.

மூடியைத் திறந்தபின் நடப்பதையும் கவனியுங்கள். பல ஆய்வகங்களில் தப்பு இங்கேதான். 0.2 மி.லி. திரவத்துக்குக் குளிரைப் பிடித்து வைக்கும் தெம்பு கிடையாது. 34 டிகிரி அறையில் சில நிமிடத்திலேயே ஏறிவிடும். 24 டியூபை ரோட்டரிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பைப்பெட்டால் உறிஞ்சி எடுத்தால், கடைசி டியூபுக்கு நீங்கள் வரும்போது அது குளிர்ந்த கதையே மறந்திருக்கும். நின்றவுடன் எல்லாவற்றையும் ஐஸுக்கு மாற்றுங்கள், அல்லது எட்டு எட்டாகச் செய்யுங்கள். 0.5, 0.2 மி.லி. டியூபுக்குப் போடும் பிளாஸ்டிக் அடாப்டரும் குளிரைத் தடுக்கும். அதையும் ரோட்டரோடு முன்கூட்டியே குளிரவிட வேண்டும்: டியூப் வைக்காத ரோட்டர், அடாப்டரோடும் மூடியோடும், குறைந்த வேகத்தில் 20 நிமிடம்.

சித்திரை, வைகாசியில் கான்கிரீட் மாடிக்குக் கீழே மதியம் ஓட்டுகிறீர்கள் என்றால் ஏ.சி.யை 25-ல் வைக்காமல் நல்ல பலனை எதிர்பார்க்க முடியாது. செட்டிநாட்டுப் பழைய வீட்டின் சுண்ணாம்புச் சுவருக்குள் இருக்கிற இதம் புதுக் கட்டடத்தில் எங்கே! இயந்திரத்தைச் சுற்றி 30 செ.மீ. காலியாக இருக்கட்டும். பாதுகாப்பு விதியும் அந்த அளவைத்தான் கேட்கிறது, சூடு வெளியேறவும் அது உதவும்.

தண்ணீர் நிற்பது கோளாறே இல்லை. குளிர்ந்த சுவரில் ஈரக்காற்று பட்டால் வியர்க்கும். ஓட்டி முடித்தபின் மூடியைச் சாத்திவைப்பதுதான் தப்பு. குளிரூட்டலை நிறுத்தி, ரோட்டரைக் கழற்றி, துணியால் ஒற்றி எடுத்து, மூடியைத் திறந்தே விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். ஈரத்தோடு ராத்திரி முழுக்கக் கிடந்த அலுமினிய ரோட்டர் தண்டில் ஒட்டிக்கொள்ளும், பிறகு சுத்தியலைத் தேடுவார்கள். பிளீச்சால் துடைக்காதீர்கள், அலுமினியம் அரிக்கும். 70 சதவீத எத்தனால் போதும்.

ஆர்.என்.ஏ. விஷயத்தில் பழி முழுவதும் இயந்திரத்தின் மேல் விழவேண்டியதில்லை. ஃபீனாலும் குவானிடினும் கலந்த டிரைசால் கரைசலால் ஆர்.என்.ஏ. எடுக்கும் முறையில் 4 டிகிரியில் 12,000 ஜி (புவியீர்ப்பைப் போல் 12,000 மடங்கு விசை), 15 நிமிடம் என்று சொல்வது அடுக்குகள் நன்றாகப் பிரியத்தான். குளிர் குறைந்தால் ஆர்.என்.ஏ. இருக்கும் மேல்நீரில் ஃபீனால் தங்கி, ஒளியை வைத்து ஆர்.என்.ஏ.வை அளக்கும்போது 270 நானோமீட்டர் அலைநீளத்துப் பக்கம் அளவீட்டைக் கெடுக்கும். ஆனால் அந்தக் கட்டத்தில், சிதைக்கும் என்சைமை முடக்குகிற குவானிடின் இருப்பதால் ஆர்.என்.ஏ. அவ்வளவு எளிதில் சிதையாது. எத்தனாலில் கழுவித் தண்ணீரில் கரைத்த பிறகுதான் அது அநாதை. சிதைவு தெரிந்தால், சிதைக்கும் என்சைம் எங்கிருந்து வந்தது என்று கையுறை, பைப்பெட் முனை (டிப்), தண்ணீர் என்று அந்தப் பக்கமும் தேடுங்கள்.

12,000 ஜி என்று முறையில் இருப்பதை 12,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்குச் சுற்று) என்று வைக்கிற பழக்கமும் இருக்கிறதா பாருங்கள். ஜி = 0.00001118 × ஆரம் (செ.மீ.) × ஆர்.பி.எம். × ஆர்.பி.எம். ஆரம் 8.4 செ.மீ. உள்ள ரோட்டரில் 12,000 ஜி-க்கு ஏறக்குறைய 11,300 சுற்று போதும். 6 செ.மீ. ரோட்டரில் 13,400 வரை போகவேண்டும். அடாப்டர் போட்டால் சின்ன டியூபின் அடி மையத்துக்கு நெருங்கிவிடும், ஜி குறையும். ஐசோபுரோப்பனால் என்ற ஆல்கஹாலில் இறங்கும் ஆர்.என்.ஏ. பெல்லட் (அடியில் படியும் திட்டு) கண்ணுக்கே தெரியாமல் ஜெல் போல இருக்கும். எல்லா டியூப் மூடியின் கீலையும் வெளிப்பக்கம் பார்த்து வைத்தால், பெல்லட் கீலுக்கு நேர் கீழே இருக்கிறது என்று நம்பிப் பைப்பெட் முனையை எதிர்ச்சுவரில் விடலாம்.

எல்லாவற்றுக்கும் குளிர் நல்லதுமில்லை. இலையிலிருந்து சி.டி.ஏ.பி. என்ற சோப்பு போன்ற வேதிப்பொருளைக் கொண்டு டி.என்.ஏ. எடுப்பவர்கள் குளோரோஃபார்ம் சுற்றை 4 டிகிரியில் ஓட்டினால், 15 டிகிரிக்குக் கீழே சி.டி.ஏ.பி. வெள்ளையாக உறைந்து டி.என்.ஏ.வையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தச் சுற்றுக்கு 20 டிகிரிக்கு மேல் வையுங்கள். எஸ்.டி.எஸ். என்ற இன்னொரு சோப்புப் பொருள் சேர்த்த கலவைகளும் இப்படித்தான் குளிரில் படியும்.

எல்லாம் பார்த்தும் புதிதுதான் வேண்டும் என்று ஆனால், விலைப்புள்ளியில் உள்ள ‘மைனஸ் 10 முதல் 40 வரை’ என்ற வரியை நம்பி வாங்காதீர்கள். உச்ச வேகத்தில் 4 டிகிரி நிற்குமா, எந்த அறை வெப்பத்தில் அளந்தது என்று எழுத்தில் கேளுங்கள். டெமோ இயந்திரத்தை உங்கள் அறைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். வண்டியில் சாய்ந்து வந்திருந்தால் எண்ணெய் கம்ப்ரஸருக்குத் திரும்ப, ஒரு நாள் நிமிர்த்தி வைத்துவிட்டு மின்சாரம் கொடுக்கலாம். மறுநாள் மதியம் 2 மணிக்கு, ஏ.சி.யை நிறுத்திவிட்டு, அதே இரண்டு டியூப் தண்ணீரை வைத்து ஓட்டிப் பாருங்கள்.