ஒரு தமிழரை 70.4 விழுக்காட்டு வாக்குகளுடன் அதிபராக்கிய சிங்கப்பூரில் இனப் பாகுபாடு ஒழிந்துவிட்டது என்று சொல்லலாமா?

2023ஆம் ஆண்டுத் தேர்தலில் தர்மன் சண்முகரத்னம் பெற்ற வாக்குகளை வைத்து இதைக் கேட்டிருக்கிறீர்கள். வேலைக்காக இங்கே குடும்பத்துடன் வர எண்ணியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன், தவறானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இங்கேயே பிறந்து அறுபதைக் கடந்தவன். மூத்த தலைமுறையினர் சீனரல்லாத பிரதமர் ஒருவரை ஏற்கத் தயாராக இல்லை என்று 2019இல் அன்றைய நிதியமைச்சர் ஹெங் சுவீ கியட் கூறியபோது, வருத்தமாக இருந்தாலும் அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைத்தேன். அதிபர் பதவி பெரும்பாலும் சடங்குமுறையானது, பிரதமர் பதவியுடன் ஒப்பிடத்தக்கதன்று என்பது எனக்கும் தெரியும். ஆயினும் மக்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் சீனர்களாக உள்ள ஊரில், இரண்டு சீன வேட்பாளர்களை எதிர்த்து நின்ற ஒரு தமிழருக்கு இத்தனை வாக்குகள் விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே வாக்குச்சாவடியைப் பொறுத்தவரை உங்கள் ஊகம் சரி. வீட்டு வாசலைப் பற்றிக் கேட்டால், என்னால் அவ்வளவு எளிதாக ஆமாம் என்று சொல்ல முடியாது.

2008இல் பழைய வீட்டை விற்றுவிட்டுப் புதிய வீட்டின் சாவிக்காகப் பத்து மாதங்கள் காத்திருந்த காலத்தில் வாடகைக்கு வீடு தேடினோம். என் ஆங்கிலம் உள்ளூர் ஆங்கிலம் என்பதால் முகவர்கள் தொலைபேசியில் கலகலப்பாகப் பேசுவார்கள், பெயரைச் சொன்னதும் ஒரு நொடி அமைதி, பிறகு "அதிகம் சமைப்பீர்களா?" என்ற கேள்வி வரும். ஐந்து வீடுகள் அப்படியே கைநழுவின. ஆறாவது வீட்டின் உரிமையாளர், 'லேசான சமையல் மட்டும்' என்று ஒப்பந்தத்தில் எழுதி, அந்த வரிக்கு அருகில் தனியாகக் கையொப்பம் கேட்டார். போட்டுக் கொடுத்தேன். அந்தப் பத்து மாதங்களும் என் மனைவி ரசத்துக்குத் தாளிப்பதற்கு முன் சன்னல்களைத் திறந்துவைத்து, முன்கதவின் அடியிலுள்ள இடுக்கில் ஈரத்துண்டு ஒன்றை மடித்துச் செருகுவாள். காலி செய்தபோது, சமையலறைச் சுவரில் மசாலா வாடை போகவில்லை என்று கூறி, வண்ணம் பூசும் செலவுக்காக முன்பணத்தில் 400 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) பிடித்துக்கொண்டார்கள். தொகை பெரிதன்று; ஆனால் அந்த ஈரத்துண்டை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

மூன்றாண்டுகள் கழித்து, சீனாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் ஒன்று பக்கத்து இந்திய வீட்டின் கறி வாசனை குறித்துப் புகார் செய்த பழைய விவகாரமொன்று செய்தியானது. அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டுமே இந்தியக் குடும்பம் கறி சமைப்பது என்று சமரசம் ஆகியிருந்தது. அதைப் படித்து ஊரே கொதித்தது. 2011 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அனைவரும் கறி சமைப்போம் என்று இணையத்தில் அழைப்பு விடுக்கப்பட, 50,000க்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். அன்று எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் சீன வீடுகளிலிருந்தும் கறி மணம் வந்தது. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் அந்த ஆர்வத்தில் கறியின்மேல் இருந்த பாசம் எவ்வளவு, புதிதாக வந்தவர்கள்மேல் இருந்த எரிச்சல் எவ்வளவு என்று இன்றும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஏனென்றால் 2016இல் எங்கள் வீட்டு அறையொன்றை வாடகைக்கு விட்டபோது, "சீனாக்காரர்கள் வேண்டாம்" என்று முகவரிடம் சொன்னவன் நான்தான். முகவர் காரணம் கேட்கவில்லை, குறித்துக்கொண்டார்.

இவ்வளவு மனக்குறை இருந்தால் ஏன் அங்கே இருக்கிறீர்கள் என்று யாராவது கீழே எழுதக்கூடும். என் ஊர் இதுதான், வேறு ஊர் எனக்கு இல்லை. அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்றும் நான் சொல்லவில்லை. அரசு அடுக்குமாடி வீடுகளில் ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனமும் எவ்வளவு இருக்கலாம் என்று 1989இல் வரம்பு வைத்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை இல்லாமற்போயிருந்தால், என் பிள்ளைகள் சீனப் பிள்ளைகளோடு ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கி வளர்ந்திருக்க மாட்டார்கள். ஆனால் அதற்கான விலையைப் பெரும்பாலும் சிறுபான்மையினரே கொடுக்கிறோம். என் அக்கா வீட்டை விற்கப் போனபோது அவருடைய புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு நிரம்பியிருந்ததால், சீனர்கள் அதை வாங்க இயலவில்லை. அதே தளத்தில் வீடு வைத்திருந்த சீனர் ஒருவருக்கு அந்தத் தடை இல்லை, ஏனெனில் ஒரே இனத்தவருக்குள் விற்றால் விகிதம் மாறுவதில்லை. அக்கா ஏழு மாதங்கள் காத்திருந்து, விலையைக் குறைத்துத்தான் விற்றார். இப்படிச் சிக்கிக்கொள்பவர்களின் வீட்டை அரசே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல்தான் வந்தது.

என் மகள் மணந்திருப்பது ஒரு சீனரை. என் காலத்தில் இப்படி ஒரு திருமணம் என்றால் இரு வீட்டாரும் உறவை முறித்திருப்பார்கள். இப்போது என் சம்பந்தியம்மா தீபாவளிக்கு முறுக்கு பிழிய வந்து உட்கார்கிறார். கடந்த ஆண்டு பேரன் பிறந்தான். 2011 முதல் குழந்தைக்குப் பெற்றோர் இருவரின் இனத்தையும் சேர்த்துப் பதியலாம் என்பதால், 'இந்தியர்-சீனர்' என்று போடுவதா, 'சீனர்-இந்தியர்' என்று போடுவதா என்று பேச்சு எழுந்தது. சம்பந்தியம்மா எங்கள் மனம் நோகாமலிருக்க வேண்டுமென்று, இந்தியர் என்பதே முதலில் இருக்கட்டும் என்றார். வீட்டு வரம்புக்கு முதலில் வரும் இனத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது. சீனர் என்றே முதலில் போடுங்கள், பின்னால் வீட்டை விற்க எளிதாக இருக்கும் என்று சொன்னது நான்தான்.