மலையேறிப் பழகாதவருக்கு ஏற்ற துவிச்சக்கரவண்டிப் பாதை

கேள்வி: மட்டக்களப்பின் சமதரையில் மட்டுமே சைக்கிள் ஓடிப் பழகிய, ஐம்பது வயதை நெருங்கும் ஒருவர், வாகனத் தொல்லையில்லாமல் கடற்கரை, மலை, திராட்சைத் தோட்டம் மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்கக்கூடிய பாதை ஏதேனும் உண்டா?

உண்டு. இத்தாலியின் திரியெஸ்தே நகரப் பக்கத்தில் தொடங்கி, சுலோவேனியாவின் சிறிய கடற்கரையைக் கடந்து, குரோசியாவின் பொரெச் நகரத்தில் முடியும் பரென்சானா என்னும் பாதையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். நானும் கல்லடியில் பிறந்து, பள்ளிக்கூடம், சந்தை, வயல் என எல்லாவற்றுக்கும் லுமாலா சைக்கிளில் சென்று வளர்ந்தவன். பாலத்தில் ஏறுவதைத் தவிர வேறு ஏற்றம் அறியாதவன். சுவிற்சர்லாந்தில் வசிக்கும் என் மைத்துனருடன் ஒரு புரட்டாதி மாதத்தில் இந்தப் பாதையை நான்கு நாட்களில் முடித்தபோது எனக்கு வயது 51.

என்னால் அது முடிந்ததற்கு என் கால்களின் வலிமை காரணமன்று. அந்தப் பாதை முன்னர் ஒரு புகையிரதப் பாதையாக இருந்தது என்பதே காரணம். ஒஸ்திரிய ஆட்சிக் காலத்தில், 1902 ஆம் ஆண்டு, 760 மில்லிமீற்றர் அகலத்தில், அதாவது நம் நாட்டுத் தண்டவாள அகலத்தின் பாதிக்கும் குறைவான அளவில், 123 கிலோமீற்றர் நீளத்துக்கு அது போடப்பட்டது. வருமானம் போதாமல் 1935 இல் நிறுத்தப்பட்டது, தண்டவாளங்களும் கழற்றப்பட்டன. நீராவி இயந்திரத்தால் செங்குத்தாக ஏற முடியாது. ஆகவே அன்றைய பொறியியலாளர்கள் மலையை நேராகத் தாக்காமல், வளைந்து வளைந்து சுற்றி, நூறு மீற்றருக்கு மூன்று மீற்றர் கூட உயராதபடி பாதையை அமைத்தார்கள். புகையிரதத்துக்காகச் செய்த அந்தச் சலுகை இன்று நம்மைப் போன்ற சமதரைக்காரர்களுக்குக் கிடைத்திருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து குரோஷ்ன்யான் என்னும் மலையூரின் அருகே 293 மீற்றர் உயரம் வரை ஏறுகிறீர்கள். ஆனால் ஓரிடத்திலும் இறங்கி வண்டியைத் தள்ள வேண்டியதில்லை. கீழே வந்த வழியைத் திரும்பிப் பார்க்கும்போதுதான் இவ்வளவு உயரம் வந்துவிட்டோமா என்று தெரியும்.

மொத்த நீளத்தில் 13 கிலோமீற்றர் இத்தாலியிலும், 32 சுலோவேனியாவிலும், 78 குரோசியாவிலும் உள்ளன. இத்தாலியப் பகுதி நகரமும் தொழிற்சாலைகளும் நிறைந்தது; அதை விரைவாகக் கடந்துவிடலாம். சுலோவேனியாவில் கோப்பருக்கும் இசோலாவுக்கும் இடையிலான கடலோரச் சாலையை மட்டும் அவசரப்படாமல் ஓடுங்கள். மலையினூடே புதிய சுரங்கச் சாலை 2015 இல் திறக்கப்பட்ட பின்னர், 2017 இல் இந்தப் பழைய சாலையில் மோட்டார் வாகனங்களை முற்றாக நிறுத்தி, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் கல்லணை, அதன் கீழே கடல், மறுபக்கம் மலை. அலை கல்லில் மோதும் ஓசையும் சங்கிலி ஓடும் ஓசையும் தவிர வேறு சத்தம் இல்லை. எனக்குக் கல்லடிப் பழைய பாலம் நினைவுக்கு வந்தது. 1924 இல் கட்டப்பட்ட அந்த இரும்புப் பாலத்தில் பேருந்துக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்ற காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2013 இல் பக்கத்தில் புதிய பாலம் திறக்கப்பட்டதும் பேருந்தும் லொறியும் அங்கே போய்விட்டன. அதற்குப் பிறகுதான் பாலத்தின் நடுவில் நின்று வாவியைப் பார்க்க நமக்கு வாய்த்தது.

போர்தோரோஷைத் தாண்டியதும் செச்சொவ்ளே உப்பளங்கள் வரும். ஆனையிறவைப் பார்த்த நமக்கு உப்பளம் புதிதன்று என்று நினைத்துக் கடந்துவிட வேண்டாம். அங்கே பாத்தியின் அடியில் பாசியும் கனிமங்களும் சேர்ந்த ஒரு மெல்லிய படலத்தை வளர்த்துப் பேணுகிறார்கள். உப்பு அதன்மேல் விளைவதால் சேற்றோடு கலப்பதில்லை. மர வாரியால் இழுக்கும்போது வெண்மையாகவே வருகிறது.

அங்கிருந்து எல்லையைத் தாண்டிக் குரோசியாவின் பூயே என்னும் ஊரை நோக்கி ஏறத் தொடங்கும்போது திராட்சை நாடு ஆரம்பமாகிறது. நான் மது அருந்துவதில்லை. ஆனாலும் அந்தத் திராட்சை நாட்டில் எனக்கு ஒன்றும் குறையவில்லை. யாழ்ப்பாணத்தில் கொடிகளைத் தலைக்கு மேலே பந்தலில் படரவிடுவார்கள். இங்கே கம்பி இழுத்து, இடுப்பு உயரத்தில், மலைச்சரிவின் வளைவைப் பின்பற்றி நிரை நிரையாக நிறுத்தியிருக்கிறார்கள். கடற்பக்கத்து மண், யாழ்ப்பாணத்துச் செம்மண் போலவே சுண்ணாம்புப் பாறையின் மேல் கிடக்கும் சிவந்த மண். தெரான் என்னும் கறுப்புத் திராட்சைக்கு அது உகந்தது. உள்ளே போகப் போக மண் சாம்பல் நிறமாகிறது.

குரோசியப் பகுதியில் பெரும்பாலும் தார் இல்லை, சல்லிக்கல்தான். குரோஷ்ன்யானைக் கடந்து இறங்கும் வழியில் என் பின் ரயரில் கூரான கல் ஏறிக் காற்று முழுவதும் போய்விட்டது. ஊரில் என்றால் கடைக்காரர் ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டியில் அமிழ்த்திக் குமிழியைப் பார்ப்பார். அங்கே சட்டி ஏது? காற்றடித்த ரியூப்பைக் கன்னத்துக்கு அருகே பிடித்து மெல்லச் சுற்றினேன்; ஊசி முனையளவு குளிர்காற்று தாடையில் பட்ட இடத்தில் பேனையால் வட்டமிட்டு, உரசி, பசை பூசி ஒட்டினேன். பக்கத்துத் தோட்டத்தில் பழம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு முதிய பெண், நாங்கள் முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, ஒரு குலையைக் கொண்டுவந்து கையில் வைத்தார். மல்வாசியா என்னும் வெள்ளைத் திராட்சை: சிறிய பழம், தடித்த தோல், உள்ளே விதை. கடையில் வாங்கும் திராட்சையில் அவ்வளவு இனிப்பை நான் கண்டதில்லை. விரல்கள் மாலைவரை ஒட்டிக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு மீர்னா ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள லிவாதே வரை இறக்கம். மொத்தோவுன் மலைநகரின் அடியால் சென்று, மீண்டும் விஷினாதாவுக்கு ஏறி, பொரெச்சில் கடலைச் சேர்வீர்கள். இடையிடையே சாதாரண சாலையில் ஓடவேண்டிய துண்டுகளும், சாலையைக் குறுக்கே கடக்க வேண்டிய இடங்களும் இருக்கின்றன. முழுவதும் வாகனமே இல்லை என்று சொன்னால் உங்களை ஏமாற்றியவனாவேன். பல சுரங்கங்கள் உள்ளதால் முன்னும் பின்னும் விளக்கு அவசியம். ரயர் 40 மில்லிமீற்றராவது அகலமாக இருக்கட்டும். ஒடுங்கிய பந்தய ரயர் அந்தச் சல்லிக்கு ஆகாது.

காலத்தைப் பொறுத்தவரை, சித்திரை முதல் ஆனி நடுப்பகுதி வரையும், ஆவணி இறுதி முதல் ஐப்பசி வரையும் நல்லது. குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து போரா என்னும் காற்று மலையிலிருந்து பாய்ந்து இறங்கும். 1910 இல் முஜ்ஜா என்னும் ஊருக்கு அருகே அது ஒரு புகையிரதத்தையே கவிழ்த்து உயிர்களைப் பலிகொண்டது. மூன்று நாடுகளுக்கும் ஒரே செங்கன் விசா போதும். குரோசியாவும் 2023 முதல் அதில் சேர்ந்து யூரோவையும் ஏற்றுக்கொண்டது. ஆயினும் கடவுச்சீட்டைப் பையின் அடியில் புதைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

பயிற்சிக்கு மலையைத் தேடி அலைய வேண்டாம். மூன்று மாதம், கிழமைக்கு இரண்டு நாள், மண்முனைப் பாலத்தால் படுவான்கரைக்குக் கடந்து, கொக்கட்டிச்சோலையைத் தாண்டி, வயல்களினூடே மேற்கே ஓடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதமாக இருந்தால் இன்னும் நல்லது; எதிர்காற்றில் ஒரு மணித்தியாலம் மிதிப்பதும் பூயே ஏற்றத்தில் மிதிப்பதும் என் தொடைகளுக்கு ஒன்றாகவே தெரிந்தன. பயணத்தில் கட்டப்போகும் சுமையை இங்கேயே கரியரில் கட்டி ஓடிப் பாருங்கள்.

திரும்பும் வழியை முன்கூட்டியே ஒழுங்கு செய்வதை மட்டும் மறக்க வேண்டாம். 1935 க்குப் பிறகு பொரெச்சுக்குப் புகையிரதம் இல்லை. எல்லாப் பேருந்துகளும் சைக்கிளை ஏற்றுவதில்லை. நாங்கள் அதைக் கேளாமல் போய் அரை நாளைத் தரிப்பிடத்தில் கழித்தோம். வாடகைக்கு எடுப்பதானால், பயண முடிவில் பொரெச்சிலேயே வண்டியைத் திருப்பி ஒப்படைக்கக்கூடிய கடையாகப் பார்த்து எடுங்கள்.