ஏட்டையா பதில்கள்: பசாரா லைசென்ஸ் இருக்கா?

ஏட்டையா, எங்கள் குடியிருப்பில் 84 வீடுகள். செக்யூரிட்டி ஏஜென்சியை மாற்றப் போகிறோம். புதிதாக வந்தவர்கள் கால்வாசி குறைத்துக் கேட்கிறார்கள். கூடவே இரவில் பைக் ரோந்தும் உண்டாம். மாதிரிக்கு ஒருவரை அனுப்பினார்கள். காக்கிச் சட்டை, தோளில் நட்சத்திரம், பைக்கில் சிவப்பு-நீல விளக்கு. கமிட்டியில் எல்லோரும் அசந்துவிட்டார்கள். என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?
- சங்கச் செயலாளர், கூடுவாஞ்சேரி

முதலில் அந்த நட்சத்திரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். தனியார் செக்யூரிட்டி ஏஜென்சிகளுக்கென்று 2005-இல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. தொழிலில் இருப்பவர்கள் அதைச் சுருக்கமாக 'பசாரா' என்பார்கள். அதில் 21-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. ராணுவம், போலீஸ் சீருடையையோ, பார்த்தால் அதுபோலவே தெரிகிற உடையையோ காவலாளி போட்டால் அவருக்கும் ஏஜென்சி முதலாளிக்கும் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பையன் பாவம், கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருப்பான். சட்டம் அவனையும் சேர்த்துத்தான் பிடிக்கும். சிவப்பு-நீல விளக்கும் போலீஸ், தீயணைப்பு மாதிரி அவசர வண்டிகளுக்கு உரியது. சங்கத்து ரோந்துக்கு ஒரு டார்ச் போதும்.

அடுத்தது லைசென்ஸ். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பசாரா லைசென்ஸ் ஒரு மாவட்டத்துக்கு 5,000 ரூபாய், ஐந்து மாவட்டம் வரை 10,000, மாநிலம் முழுக்க 25,000 என்று கட்டணம் வைத்துக் கொடுக்கப்படுவது. ஐந்து ஆண்டுக்குச் செல்லும். கூடுவாஞ்சேரி செங்கல்பட்டு மாவட்டம். சென்னைக்கு மட்டும் வாங்கிய லைசென்ஸின் ஜெராக்ஸை நீட்டினால் உங்களுக்கு அது வெறும் காகிதம். மாவட்டத்தின் பெயர், முடியும் தேதி இரண்டையும் பாருங்கள். ஜெராக்ஸை நம்பாமல் அவர்கள் ஆபீசுக்கே ஒரு நடை போய் வாருங்கள். எல்லோரும் பார்க்கிற இடத்தில் லைசென்ஸை மாட்டியிருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். லைசென்ஸே இல்லாமல் தொழில் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 25,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.

பிறகு ஆட்கள். இந்தச் சட்டத்துக்கான மத்திய மாதிரி விதிகள்படி ஒரு காவலாளிக்கு 100 மணி நேர வகுப்பு, 60 மணி நேரக் களப்பயிற்சி, குறைந்தது 20 வேலை நாளில் முடிக்க வேண்டும். முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீசுக்கும் இதைவிடக் குறைவு. நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஏஜென்சியில் ஃபீல்ட் ஆபீசராகக் கொஞ்ச காலம் இருந்தேன். பதினைந்து பேரின் பயிற்சிச் சான்றிதழ் ஒரே தேதியில், ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இருந்தது. அதில் ஒருவர் முந்தின நாள்தான் ஊரிலிருந்து ரயிலில் வந்து இறங்கியவர். ஆகவே சான்றிதழைப் பார்த்ததும் திருப்தியாகிவிடாதீர்கள். வருகிற ஆளிடமே 'தீயணைப்புக் கருவியை எப்படி இயக்குவீர்கள், காட்டுங்கள்' என்று கேளுங்கள். பயிற்சி எடுத்தவர் பின்னை உருவுவார். எடுக்காதவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். ஏஜென்சி கொடுத்த போட்டோ அடையாள அட்டை ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். பதினைந்து காவலாளிக்கு ஒரு சூப்பர்வைசராவது இருந்தாக வேண்டும்.

சரி, கால்வாசி எங்கே குறைகிறது? ஒரு கேட்டை 24 மணி நேரமும் பார்க்க எட்டு எட்டு மணியாக மூன்று பேர் வேண்டும், வார விடுப்புக்கு ஒரு ரிலீவரும் வேண்டும். குறைந்த ரேட்டுக்காரர் பன்னிரண்டு மணி நேரமாக இரண்டு பேரை வைத்துச் சமாளிப்பார். ஒருவர் வரவில்லையென்றால் மற்றவரே டபுள் டூட்டி. தூங்கும் வாட்ச்மேனின் போட்டோவை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறீர்களே, அவர் முந்தின நாள் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார் என்று யாராவது கேட்டதுண்டா? மாதாமாதம் பில்லோடு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிய ரசீதை ஆட்கள் பட்டியலோடு கேளுங்கள். பட்டியலில் இருக்கும் பெயரும் கேட்டில் இருக்கும் முகமும் ஒத்துப்போகிறதா பாருங்கள். குறைந்த ரேட்டின் ரகசியம் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

ரோந்து வேண்டுமென்றால் எந்தெந்த இடம், எத்தனை மணிக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதி, ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்துப் போட ஒரு நோட்டுத் தொங்கவிடுங்கள். நான் போலீசில் இருந்தபோது எங்கள் பீட்டில், அதாவது ரோந்துப் பகுதியில், இப்படி ஒரு நோட்டு இருந்தது, 'பட்டா புத்தகம்' என்போம். அதில் கையெழுத்து விட்டுப்போனால் மறுநாள் இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்க வேண்டும் என்ற பயமே எங்களைத் தெருத்தெருவாக நடக்க வைத்தது. ஒன்று, காம்பவுண்டுக்கு வெளியே உள்ள ரோட்டில் இவர்கள் யாரையும் நிறுத்தி 'லைசென்ஸ் எடு' என்று கேட்க முடியாது. அந்த அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது.

எங்கள் தெருவுக்குப் பல வருடங்களாக ஒரு கூர்க்கா இரவில் தடியைத் தட்டிக்கொண்டு வருகிறார். முதல் தேதி வீடு வீடாக 50 ரூபாய் வாங்கிக்கொள்வார். புதிதாகக் குடிவந்த ஒருவர் 'இவருக்கு லைசென்ஸ் உண்டா, இது சட்டவிரோதம்' என்கிறார். நிறுத்திவிடலாமா?
- வாசகி, கோவை

அந்த லைசென்ஸ் ஆட்களை அனுப்பித் தொழில் நடத்தும் ஏஜென்சிக்கானது. தன் காலால் நடந்து தானே காவல் பார்க்கும் ஒற்றை ஆளை நாலு வீட்டுக்காரர்கள் நேரடியாக வைத்துக்கொள்வது வேறு விஷயம். அதற்காக விவரமே தெரியாமல் வைத்துக்கொள்ளக் கூடாது. அவர் பெயர், ஊர், அடையாள அட்டை நகல், ஒரு போட்டோ இவற்றை உங்கள் காவல் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். அது அவருக்கும் நல்லது. இரவில் பீட் போலீஸ் நிறுத்தினால் பயப்பட வேண்டியதில்லை.

நான் கவனிக்கச் சொல்வது இன்னொன்று. காசு கொடுக்காத வீட்டைப் பார்த்து முறைக்கிற ஆளா? தென்மாவட்டங்களில் பழைய காவல் முறை ஒன்று இருந்தது. ஊரே காவல்காரருக்குப் படி அளக்கும். மாடு திருட்டுப்போனால் கண்டுபிடித்துத் தர 'துப்புக்கூலி' என்று தனியாக ஒரு தொகை. மாட்டை ஓட்டிக்கொண்டு போனவரும் துப்புக்கூலி வாங்கியவரும் ஒரே கூட்டம் என்று ஊருக்கே தெரியும், ஆனாலும் கொடுப்பார்கள். எங்கள் தாத்தா கொடுத்திருக்கிறார். உங்கள் கூர்க்கா இத்தனை வருடம் கேட்டதெல்லாம் 50 ரூபாய் என்றால் அவர் அந்த ரகமில்லை. தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், 100 ஆக்கினாலும் தப்பில்லை.

ஐயா, நான் ஒரு அபார்ட்மென்டில் செக்யூரிட்டி. இரவில் பைக்கின் லாக்கை உடைத்துக்கொண்டிருந்தவனைக் கையும் களவுமாகப் பிடித்தேன். மோட்டார் ரூமில் பூட்டி வைத்து, காலையில் சங்கத் தலைவர் எழுந்த பிறகு போலீசுக்குச் சொன்னோம். இப்போது ஸ்டேஷனில் என்னையே விசாரிக்கிறார்கள். நான் செய்தது தவறா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பிடித்தது தவறில்லை தம்பி, பூட்டியதில்தான் சிக்கல். செக்யூரிட்டி சட்டை உங்களுக்குத் தனியாக எந்தக் கைது அதிகாரமும் தரவில்லை. தெருவில் போகிற யாருக்கும் இருக்கிற அதிகாரம்தான் உங்களுக்கும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஜாமீனில் விட முடியாத, போலீஸ் வாரன்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றத்தை உங்கள் கண் முன்னால் ஒருவன் செய்தால் பிடிக்கலாம். ஆனால் தாமதம் செய்யாமல் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும், எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள். பழைய சட்டத்தில் இந்த ஆறு மணிக் கணக்கு கிடையாது. தலைவர் தூங்கி எழட்டும் என்று காத்திருந்ததுதான் வினை. பிடித்த நேரமும் போன் செய்த நேரமும் உங்கள் போனில் இருக்கும், அதைக் காட்டுங்கள். அடித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அடித்திருந்தால் என்னிடம் கேட்காமல் ஒரு வக்கீலைப் பாருங்கள். இனிமேல் பிடித்த உடனே 112. தலைவருக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

என் அப்பாவுக்கு 66 வயது. மில்லில் வேலை பார்த்தவர், நன்றாக நடமாடுகிறார். 'வயதாகிவிட்டது' என்று ஏஜென்சியில் நிறுத்திவிட்டார்கள். அவர் வேலை பார்த்த அபார்ட்மென்ட்காரர்களுக்கோ அவரை விட மனமில்லை. வழி உண்டா?
- மகள், மதுரை

ஏஜென்சி மேல் கோபப்படாதீர்கள், இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சட்டப்படிதான் நடந்திருக்கிறார்கள். 18 முடிந்து 65-ஐ எட்டாதவரைத்தான் அவர்கள் காவலாளியாக வைக்கலாம். அபார்ட்மென்ட் சங்கமே அவரை நேரடியாகச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டால் அந்தக் கட்டுப்பாடு குறுக்கே வராது. ஆனால் இரவு டூட்டி வேண்டாம், பகலில் பார்சல் வாங்கி வைப்பது, கேட் பதிவேடு எழுதுவது என்று கேட்டு வாங்குங்கள். பேசிய சம்பளத்தை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். கமிட்டி வருடத்துக்கு ஒருமுறை மாறும்.

எங்கள் வாட்ச்மேன் இரவு இரண்டு மணிக்கு விசில் ஊதுகிறார். இதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறதா?
- தூக்கம் கெட்டவர், அம்பத்தூர்

மாதிரி விதிகளில் காவலாளியின் சீருடைப் பட்டியலில் விசிலும் இருக்கிறது, அதைக் கோக்கும் கயிறும் இருக்கிறது. இன்னொரு பக்கம் குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்று ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஆபத்து என்றால் மட்டும் ஊதச் சொல்லுங்கள். சங்கத்துக்காரர்கள் 'தூங்காமல் இருக்கிறாரா என்று தெரிய வேண்டாமா' என்பார்கள். மேலே சொன்ன ரோந்துக் கையெழுத்து நோட்டை அவர்களிடம் காட்டுங்கள்.